மறுபடி மறுபடி நீர்க்கடுப்பு: மாத்திரைக்கு முன்னால் ஒரு கல்ச்சர்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் எழுதிவிடுகிறேன். வயது 34. எட்டு மாதத்தில் மூன்று முறை நீர்க்கடுப்பு. முதல் முறை மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கினீர்கள். இரண்டாம் முறை அந்த அட்டையையே காட்டி வாங்கினீர்கள். மூன்றாம் முறை டாக்டரிடம் போனீர்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாளில் எரிச்சல் அடங்கிவிடுகிறது, இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வருகிறது. வேலை ஜவுளிக்கடையில், நாள் முழுக்க நின்றபடி. மாமியார் "உடம்புச் சூடு" என்கிறார், தோழி "எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிருக்கு" என்கிறார். 61 வயதான, சர்க்கரை நோயுள்ள உங்கள் அம்மாவுக்கும் இதே தொல்லை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட ஏதாவது சாப்பிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி லேபில் கல்ச்சர், அதாவது சிறுநீர் போன்றவற்றில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பதே 20 வருடத்துக்கும் மேலாக என் வேலை. மருந்து எழுதித் தர என்னால் முடியாது. ஆனால் எங்கள் தட்டுகளில் என்ன முளைக்கிறது, ஏன் திரும்பத் திரும்ப முளைக்கிறது என்று சொல்ல முடியும். நேராகப் பதிலுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், எதிர்ப்புச் சக்திக்கான மருந்து உங்களுக்குத் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று முறை வந்தும் இதுவரை ஒரு கல்ச்சர் கூட எடுக்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

எதிர்ப்புச் சக்தி உண்மையிலேயே குறைந்தவர்களுக்குத் தொற்று ஒரே இடத்தில் நிற்காது. நிமோனியா திரும்பத் திரும்ப வரும், காதில் சீழ் வைக்கும், வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படரும், கட்டிகள் வரும், எடை இறங்கும். அப்படி இருந்தால் சர்க்கரை, எச்.ஐ.வி., ரத்த அணுக்கள் என்று தேட வேண்டியதுதான். சிறுநீர்ப்பையில் மட்டும் தொற்று வந்து போகிறது என்றால் கதை வேறு. நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் பெண்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது சிறுநீர்த் தொற்று வருகிறது. அப்படி வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடி வருகிறது. அவர்களுடைய உடம்பு பலவீனமான உடம்பு இல்லை.

காரணம் பெரும்பாலும் இடத்தின் அமைப்புதான். பெண்ணின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான், ஆணுக்கு 20 சென்டிமீட்டர் அளவில் இருக்கிறது. வாசலுக்குப் பக்கத்திலேயே மலவாய். இந்தத் தொற்றை அதிகமாக உண்டாக்குவது ஈ.கோலை என்ற பாக்டீரியா, நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல் அதுவே. அது வெளியிலிருந்து வருவதில்லை, நம் குடலிலேயே வாழ்வது. குடலில் இருக்கும்வரை தொந்தரவு செய்யாது. சில வகை ஈ.கோலைகளுக்கு மட்டும் உடம்பைச் சுற்றி நுண்ணிய மயிர் போன்ற பிடிமானங்கள் உண்டு. அவற்றால் சிறுநீர்ப்பையின் உள்சுவரைப் பற்றிக்கொள்கின்றன. நாம் சிறுநீர் கழித்தாலும் அடித்துப் போவதில்லை. இன்னும் ஒரு படி மேலே போய், உள்சுவரின் செல்களுக்குள்ளேயே புகுந்து கூட்டமாகத் தங்கிவிடுகின்றன. எலிகளில் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். தொற்று வந்த பெண்களின் சிறுநீரில் உதிர்ந்து வரும் செல்களிலும் பார்த்திருக்கிறார்கள். இரண்டு நாளில் எரிச்சல் நின்றுவிட்டது என்பதால் எல்லாம் வெளியேறிவிட்டது என்று சொல்ல முடியாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது சூட்டு விஷயம். மாமியார் சொன்னதை அப்படியே தள்ளிவிட வேண்டாம். வெயில் காலத்தில் வியர்வை நிறையப் போய், தண்ணீரும் குறைவாகக் குடித்தால், சிறுநீர் அடர்ந்து அடர்மஞ்சளாக வரும், கடுக்கும். அதில் கிருமியே இல்லாமலும் இருக்கலாம். மோர், இளநீர், பார்லித் தண்ணீர் குடித்ததும் அரை நாளில் அடங்கினால் அது அந்த வகைதான். நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர், நீர்க்கடுப்பு. குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அடிக்கடி அவசரமாகப் போக வேண்டியிருக்கிறது, போனால் சொட்டுச் சொட்டாக வருகிறது, முடிக்கும்போது அடிவயிறு பிடித்து இழுக்கிறது, கலங்கலாகவோ லேசாக ரத்தத்தோடோ வருகிறது என்றால் அது தொற்று. அதற்கு இளநீர் மட்டும் போதாது.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. சிறுநீர் வெளியே வந்து தோலில் படும்போது எரிகிறது, கூடவே அரிப்பு, தயிர் திரிந்ததுபோல வெள்ளை படுதல் என்றால் அது பிறப்புறுப்பில் வந்த பூஞ்சைத் தொற்று. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு இது வருவது மிகச் சாதாரணம், ஏனென்றால் மாத்திரை அங்கே காவல் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. இதை நீர்க்கடுப்பு என்று நினைத்து மறுபடியும் ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். பூஞ்சை இன்னும் கூடும். உங்கள் மூன்று தடவைகளில் ஒன்று இதுவாக இருந்திருக்கலாம். கல்ச்சர் இல்லாததால் இன்று யாராலும் சொல்ல முடியாது.

திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று மருத்துவத்தில் சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஆறு மாதத்தில் இரண்டு, அல்லது ஒரு வருடத்தில் மூன்று. அதுவும் கல்ச்சரில் கிருமி முளைத்து உறுதியானவை. எண்ணிக்கையில் நீங்கள் அந்தக் கோட்டில்தான் நிற்கிறீர்கள், கல்ச்சர்தான் இல்லை.

கல்ச்சர் என்றால் என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கொடுத்த சிறுநீரில் ஒரு நுண்துளியை அளந்து, உணவுக்கூழ் ஊற்றிய தட்டில் கோடு இழுத்து, உடல் வெப்பத்தில் ஓர் இரவு வைக்கிறோம். மறுநாள் காலை ஈ.கோலை மெக்கான்கி என்ற வகைத் தட்டில் ரோஜா நிறப் புள்ளிகளாக நிற்கும். அவற்றை எண்ணுகிறோம். ஒரு மில்லியில் ஒரு லட்சத்துக்கு மேல் என்பது பழைய எல்லை. எரிச்சல் இருக்கிற பெண்ணுக்கு அதைவிடக் குறைவான எண்ணிக்கையும் அர்த்தமுள்ளதுதான். அப்புறம் அந்தக் கிருமியை வேறு தட்டில் பரப்பி, மேலே ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் தோய்த்த சின்னச் சின்ன வில்லைகளை வைக்கிறோம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். வேலை செய்யாவிட்டால் கிருமி வில்லையை முட்டிக்கொண்டு வளர்ந்து நிற்கும். ரிப்போர்ட்டில் "எஸ்" (மருந்துக்குக் கிருமி அடங்கும்), "ஆர்" (அடங்காது) என்று வருவது இந்த வட்டங்களின் அளவை வைத்துத்தான். இதற்கு இரண்டு நாள் ஆகும். அவ்வளவு நேரம் எதற்கு என்று சலித்துக்கொள்வார்கள். கிருமி வளர்கிற நேரத்தைக் குறைக்க எங்களிடம் வழியில்லை.

மாதிரி கொடுப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். அதற்கு முன் அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவி, உதடுகளை விலக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். டப்பாவின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஒரு நாள் வரை தாங்கும். மே மாதத்தில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் மூன்று மணி நேரம் இருந்த டப்பாக்கள் எங்களிடம் வந்திருக்கின்றன. நல்ல சூழ்நிலையில் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். அந்த டப்பாவில் நாங்கள் எண்ணுவது நோயாளியின் கிருமியை இல்லை, ஸ்கூட்டரில் பெருகிய கிருமியை. இன்னொன்று, ஒரே ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டுவிட்டுக் கொடுத்தாலும் தட்டில் ஒன்றும் முளைக்காமல் போகலாம். ரிப்போர்ட் சுத்தமாக வரும், தொற்று உள்ளே இருக்கும்.

ஒரு ரிப்போர்ட்டைவிட வரிசையாக மூன்று ரிப்போர்ட்டுகள் மதிப்பு அதிகம். மருந்து முடித்த இரண்டு வாரத்துக்குள் அதே கிருமி வந்தால், முதல் தொற்று போகவே இல்லை: மருந்து பொருந்தவில்லை, அல்லது உள்ளே எங்கோ ஒளிந்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்து வந்தால் பெரும்பாலும் அது புதிதாக ஏறி வந்த தொற்று. முன்னதற்குக் காரணத்தைத் தேட வேண்டும், பின்னதற்குத் தடுப்பு யோசிக்க வேண்டும். ஈ.கோலைக்குப் பதில் புரோட்டியஸ் என்ற கிருமி மறுபடி மறுபடி வந்தால் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்கச் சொல்வார்கள். அது சிறுநீரின் அமிலத்தன்மையைப் போக்கிக் காரமாக்கி, கல்லை வளர்க்கும், கல்லுக்குள்ளேயே குடியிருக்கும். சீழ் அணுக்கள் நிறைய இருந்தும் கல்ச்சரில் ஒன்றுமே வரவில்லை, மறுமுறையும் வரவில்லை என்றால் நம் நாட்டில் சிறுநீரகக் காசநோயை மறக்கக்கூடாது. அது சாதாரணத் தட்டில் முளைக்காது, தனியாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். இதனால்தான் ரிப்போர்ட்டுகளை ஒரு ஃபைலில் தேதிவாரியாக வையுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். போனில் படம் எடுத்து வைத்தாலும் போதும்.

நீங்கள் அட்டையைக் காட்டி வாங்கிய மாத்திரை செஃபிக்ஸைம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2014 மார்ச்சிலிருந்து அது மருந்து விதிகளின் அட்டவணை எச்1-இல் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, சீட்டைப் பார்த்து விற்கும்போதும் பதிவேட்டில் எழுத வேண்டும். கடைக்காரரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை, அந்தச் சட்டம் உங்களைப் பாதுகாக்க வந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். நம் ஊர் ஈ.கோலைகளில் பெரும்பகுதி இப்போது சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கும் செஃபிக்ஸைம் வகைகளுக்கும் அசைவதில்லை. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) வருடா வருடம் வெளியிடும் கண்காணிப்பு அறிக்கைகளும் அதையே சொல்கின்றன, என் தட்டுகளிலும் அதையே பார்த்தேன். அதே நேரம் பழைய மருந்தான நைட்ரோஃபுரான்டாயினும், ஒரே வேளை தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஃபாஸ்ஃபோமைசினும் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இன்னும் நன்றாக வேலை செய்கின்றன. நைட்ரோஃபுரான்டாயின் வழக்கமாக ஐந்து நாள், சாப்பாட்டோடு, சிறுநீர் கரும்மஞ்சளாகப் போனால் பயம் வேண்டாம். ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது, காய்ச்சலோடு சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கும் போதாது. அதனால் பெயர் தெரிந்துவிட்டது என்று மெடிக்கலுக்குப் போகாதீர்கள். டாக்டரிடம் "இது எனக்குப் பொருந்துமா" என்று கேட்பதற்காகத்தான் சொல்கிறேன்.

எரிச்சலுக்குக் கொடுக்கும் சிரப் ஒன்று இருக்கிறது, சிறுநீரைக் காரமாக்குவது. கடுப்பு குறைந்தது போல இருக்கும், கிருமியைக் கொல்லாது. சில மருந்துகளோடு சேர்த்தால் அவற்றின் வேலையையும் கெடுக்கும். கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

சரி, வராமல் தடுப்பதற்கு வருவோம். என் மனதுக்குப் பிடித்த ஆராய்ச்சி ஒன்று 2018இல் வெளிவந்தது, பல்கேரியாவில் நடந்தது. அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்கள். பாதிப் பேரை வழக்கத்தைவிட தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், மீதிப் பேர் எப்போதும் போல. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை தொற்று, குடிக்காதவர்களுக்கு 3.2. தண்ணீருக்கு இவ்வளவு பலன். ஆன்டிபயாடிக்கும் அதற்கேற்பக் குறைந்தது.

ஆனால் உங்களிடம் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் அது நியாயமில்லை. ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். குடித்தால் போக வேண்டும். போக வேண்டும் என்றால் கேட்க வேண்டும், கூட்ட நேரத்தில் விடமாட்டார்கள், மாடி ஏறிப் போனால் அங்கே தாழ்ப்பாள் இருக்காது. தீபாவளி மாதத்தில் எங்கள் லேபுக்கு வந்த பெண்களிடம் விசாரித்தால் காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் சாப்பாட்டோடு ஒரு டம்ளர், அவ்வளவுதான் என்பார்கள். பொதுக் கழிப்பறையில்தான் தொற்று ஒட்டிக்கொள்கிறது என்று பயந்து அடக்குகிறவர்கள் ஏராளம். உட்காருமிடத்திலிருந்து இந்தத் தொற்று ஏறுவது அரிது, கிருமி நம்மிடமே இருக்கிறது. தண்ணீர் குடிக்காமல், போகாமல், மணிக்கணக்காகத் தேக்கி வைப்பதுதான் அதற்குப் பெருகுவதற்கு நேரம் தருகிறது. 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. உட்கார உரிமை கிடைத்த இடத்தில் கழிப்பறை இடைவேளையையும் நாலைந்து பேர் சேர்ந்து கேட்கலாம். டாக்டரிடம் "மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்க வேண்டும்" என்று ஒரு சீட்டு எழுதி வாங்கிக் கொடுங்கள். தனியாக வாயால் கேட்பதைவிடக் காகிதத்துக்கு மரியாதை அதிகம்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் நான் எழுத வேண்டியிருக்கிறது. இளவயதுப் பெண்களுக்கு இந்தத் தொற்று வருவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று தாம்பத்திய உறவு. உறவின்போது வாசலில் இருக்கும் கிருமி உள்ளே தள்ளப்படுகிறது. இது பால்வினை நோய் அல்ல, கணவரிடமிருந்து ஒட்டியதும் அல்ல, யார் மீதும் சந்தேகப்பட எதுவும் இல்லை. எத்தனையோ வீடுகளில் இதனால் வீண் சண்டை வந்திருக்கிறது. உறவு முடிந்ததும் எழுந்து சிறுநீர் கழித்துவிடுங்கள். பெரிய ஆதாரம் இல்லாவிட்டாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை. விந்தணுக்கொல்லி கலந்த கருத்தடைப் பொருட்கள் இருந்தால் விட்டுவிடுங்கள், அவை தொற்றைக் கூட்டுகின்றன. தொற்று வந்த தேதிகளைக் குறித்துப் பாருங்கள். உறவுக்கு அடுத்த ஓரிரு நாளில்தான் வருகிறது என்று தெரிந்தால், அன்றைக்கு மட்டும் ஒரு வேளை மருந்து என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது. தினமும் சாப்பிடுவதைவிட அது மேல்.

கழுவும்போது முன்னாலிருந்து பின்னால். பீச்சுக்குழாய் வைத்திருப்பவர்கள் தண்ணீர் பின்னாலிருந்து முன்னால் பாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் சரிசெய்யுங்கள். அந்தரங்கப் பகுதிக்கென்று விற்கிற வாசனைத் திரவங்களால் உள்ளே கழுவ வேண்டாம், அங்கே இருக்கும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாதான் ஈ.கோலைக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறது. வெளியே வெறும் தண்ணீர் போதும்.

கிரான்பெர்ரி என்ற புளிப்புப் பழத்தைப் பற்றிக் கேட்பீர்கள். 2023இல் ஐம்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு ஏறக்குறையக் கால்வாசி குறைகிறது என்று தெரிந்தது. வாங்க வசதி இருந்தால் சர்க்கரை சேர்க்காததாகப் பாருங்கள், இல்லாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். டி-மானோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரைப் பொடிக்கு 2024இல் பிரிட்டனில் 598 பெண்களிடம் நடந்த சோதனையில் பலன் தெரியவில்லை, அதற்குக் காசு செலவழிக்க நான் சொல்லமாட்டேன். மெத்தனமைன் என்ற மருந்து ஆன்டிபயாடிக் அல்ல, அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் உடைந்து கிருமியைக் கொல்கிறது. 2022இல் வந்த பிரிட்டன் சோதனை ஒன்றில் அது தினசரிக் குறைந்த அளவு ஆன்டிபயாடிக்குக்கு ஏறக்குறைய ஈடாக நின்றது. தண்ணீரும் பழக்கமும் மாற்றியும் நிற்கவில்லை என்றால் இதையோ, ஆறு மாதம் போலக் குறைந்த அளவு ஆன்டிபயாடிக்கையோ டாக்டர் யோசிப்பார்.

அம்மாவின் விஷயம் வேறு. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து, அந்தப் பகுதித் தோல் மெலிந்து, நான் சொன்ன நல்ல பாக்டீரியா போய்விடுகிறது. காலியான இடத்தில் குடல் கிருமி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு உள்ளே தடவுகிற ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது. தொற்றை நன்றாகக் குறைக்கும் என்று 1993லேயே காட்டிவிட்டார்கள். ஆனாலும் நம் அம்மாக்களுக்கு அது எழுதப்படுவது குறைவு. அவர்கள் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை, அவசரத்தில் டாக்டரும் விட்டுவிடுகிறார். நீங்கள் கூடப்போய்க் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவராக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் அவர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரைகளைப் பாருங்கள். டாபாக்லிஃப்ளோஸின், எம்பாக்லிஃப்ளோஸின் போல "ஃப்ளோஸின்" என்று முடிகிற வகை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து, ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சை வருவது அதன் தெரிந்த பக்கவிளைவு. அம்மாவுக்கு எரிச்சலோடு அரிப்பும் இருந்தால் இதைச் சர்க்கரை டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நாள்பட்ட சர்க்கரையில் சிறுநீர்ப்பையின் நரம்புகள் மந்தமாகி, போன பிறகும் உள்ளே மிச்சம் நிற்கும். சிறுநீர் கழித்தவுடன் ஒரு ஸ்கேன் எடுத்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். இளநீரை அம்மாவுக்கு அளவில்லாமல் கொடுக்க வேண்டாம். சிறுநீரகம் குறைந்திருந்தால் அதிலுள்ள பொட்டாசியம் ஆபத்து.

வயதானவர்களுக்கு எரிச்சல், காய்ச்சல் எதுவுமே இல்லாமல் கல்ச்சரில் மட்டும் கிருமி வருவதும் உண்டு. அதற்கு மருந்து வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்யப் போகிறவர்களுக்கும் தவிர. நல்லபடியாக இருப்பவருக்கு மாதாமாதம் கல்ச்சர் எடுத்து மாத்திரை கொடுத்துக்கொண்டே போனால், மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே வளர்த்துவிடுவோம்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி, சர்க்கரை நோயாளிக்கு மயக்கம் அல்லது குழப்பம் என்றால் கல்ச்சர் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கக்கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ராத்திரி என்றாலும். கர்ப்பமாக இருந்தாலும், ஆணுக்கோ குழந்தைக்கோ வந்தாலும், தொற்று அடங்கிய பிறகும் ரத்தம் வந்துகொண்டிருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். லேபிலோ மெடிக்கலிலோ மூடி பிரிக்காத கல்ச்சர் டப்பா இரண்டு வாங்கி வாருங்கள், சில ரூபாய்தான். ஒன்று உங்களுக்கு, ஒன்று அம்மாவுக்கு. எரிச்சல் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில்தான் ஆரம்பிக்கும். ஆரம்பித்த உடனே, எந்த மாத்திரையும் போடுவதற்கு முன்னால், நடுவில் வருவதைப் பிடித்து, பெயர், தேதி, நேரம் எழுதி, ஒரு கவரில் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் லேபில் கொடுத்துவிட்டு, ரசீதோடு டாக்டரைப் பாருங்கள். அவர் அன்றைக்கே மருந்து தொடங்கலாம். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்ததும் மருந்து சரிதானா என்று ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள்.